இவட்னியின் பத்துப் பீப்பாய்

இவட்னியை ஓரிடத்தில் உட்காரவைக்க எங்கள் தீவின் இந்த நீலமலையில் யாராலும் முடிந்ததில்லை. சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவிலேயே எழுந்துபோய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவாள். இருபத்தாறு வருஷம் காப்பிப் பழத்தை ஆலைக்காரன் சொன்ன விலைக்குக் கொட்டியவள். முன்பு காப்பி வாங்க ஜப்பான்காரன் மட்டும் வந்தான்; இப்போது கொரியா, சீனா என்று ஆட்கள் மலையேறுகிறார்கள். அதனால் இந்த வருஷம் தன் பழத்தைத் தானே கழுவிக் காயவைத்தாள். கொரியாவின் சோல் நகரத்து வியாபாரி பேக் என்பவருக்கு ருசி பிடித்தால் வருஷாவருஷம் பத்துப் பீப்பாய் கொட்டை வாங்கிக்கொள்வார். அவளுடைய படபடப்பு பக்கத்துத் தோட்டக்காரியான என்னையும் தூங்கவிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போன நேரத்தில், அவள் தம்பி கத்பர்ட், காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்த அதே சிமெண்ட் களத்தின் ஓரத்தில், கிராம்பு போல மணக்கும் தன் பிமெண்டோ மசாலாக் காயைக் கொட்டினான். மழை தூறியதும் இரண்டையும் ஒரே தார்ப்பாயால் மூடிவிட்டான், மகா புத்திசாலி! காப்பிக்கொட்டை பக்கத்து வாசனையை உடனே வாங்கிக்கொள்ளும். வறுத்துப் பார்த்தால் கிராம்பு மணந்தது.

"மூளையையும் சேர்த்துக் காயப்போட்டியாடா?" என்று இவட்னி அவனை விரட்டினாள். வேறு கொட்டை கையில் இல்லை. புதன்கிழமை பேக் வந்துவிட்டார்.

காப்பியைக் கரண்டியில் எடுத்து உறிஞ்சினார். மறுபடி உறிஞ்சினார். முகம் மலர்ந்தது. "கிராம்பு மணம்! இது உங்க மண்ணோட குணமா? பத்துப் பீப்பாயும் எனக்குத்தான்" என்றார்.

நான் அவள் கையைக் கிள்ளினேன். "அக்கா, வாயைத் தொறக்காத" என்று முணுமுணுத்தான் கத்பர்ட்.

அவள் இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பினாள். "மண்ணு இல்லீங்க ஐயா. இந்த மடையனோட பிமெண்டோ" என்றாள்.

பேக் கரண்டியைக் கீழே வைத்தார். "சுத்தமான காப்பி கிடைச்சா அனுப்புங்க, பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "கைக்கு வந்ததை வாயால கெடுத்துக்கிட்டியேடி!"

"அடுத்த வருஷமும் இதே ருசியைக் கேப்பாரு. அப்ப நான் எந்தக் களத்துலடி பொய்யைக் காயவைக்கிறது?"

சொல்லும்போதே கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டாள். தனியாகக் காயவைத்து அவருக்கு அனுப்ப, மேல் சரிவில் கடைசிப் பழம் இன்னும் மிச்சமிருந்தது. அவளைத் திட்டிக்கொண்டே நானும் என் கூடையை எடுத்தேன்.