மாமாவின் மீசையும் தம்பியின் காதும்

மதுரையில் பிறந்துவிட்டு மீசைக்குப் பயந்தால் ஒருவன் எப்படித்தான் வாழ்வது? என் தம்பி பயந்தான். அவனுக்கு நாய் பயமில்லை, இருட்டு பயமில்லை, ஊசிக்குக்கூட ஒரு முனகலோடு சரி. மீசையைக் கண்டால் மட்டும் வீறிட்டுக் கத்துவான். கத்திக் கத்தி உள்ளே இழுத்த மூச்சு வெளியே வராமல் உதடு நீலம் பாய்ந்துவிடும். பஸ்ஸில் கண்டக்டர் வந்தால் அம்மாவின் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொள்வான். கோச்சடையில் எங்கள் தெருப் பால்காரர், பாவம், எங்கள் பாலைப் பக்கத்து வீட்டில் ஊற்றிவிட்டு அங்கிருந்தபடியே குரல் கொடுப்பார்.

அப்பாவுக்கு இருந்தது பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு மீசை. அதைத் தம்பி மீசைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதில் அப்பாவுக்கு உள்ளூர வருத்தம்தான்.

பெரிய சிக்கல் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன். அவர் முறுக்கிவிட்டால் மீசை கன்னத்தைத் தாண்டி நிற்கும். விளக்கெண்ணெய் தொட்டு நீவி நீவி வளர்த்த மீசை. அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கும் அதே மீசைதான், நரைத்தது. பேரன் தூங்கும்போது மட்டும்தான் அவர்கள் இருவரும் அவனைத் தூக்கியிருக்கிறார்கள்.

எங்கள் வழக்கப்படி மொட்டை போட்டுக் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். முந்தின வருஷமே கொட்டாம்பட்டிக்கு அந்தப் பக்கம் உள்ள எங்கள் குலதெய்வக் கோயிலில் எல்லா ஏற்பாடும் நடந்தது. மாமா மடியில் வைத்த மறு நொடி தம்பிக்கு மூச்சு நின்று, கண் செருகி, விழாவே நின்றுபோனது. அப்பாவின் அக்காவான அத்தை சும்மா இருக்கவில்லை.

“மாமன் மடி ஒத்துக்கலேன்னா விடுங்க. அடுத்த வருசம் எங்க சின்னத் தம்பி மடியில உக்கார வச்சுக் குத்திருவோம். எங்க ஆளுகளுக்கு மடியா இல்ல?”

பிறந்த வீட்டின் உரிமையைப் பிடுங்குகிற பேச்சு அது. அம்மா அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாமா மீசையைத் தடவவும் மறந்து நின்றார்.

இதைச் சரிசெய்வது என் பொறுப்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன். நாலாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு எம்புட்டுத் தைரியம் பாருங்கள்! அம்மாவின் கண்மையால் மூக்குக்குக் கீழே ஒரு பொட்டு வைத்துக்கொண்டு தம்பி முன்னால் போய் நின்றேன். சிரித்தான். மறுநாள் சின்னக் கோடு. முறைத்தான், ஆனால் அழவில்லை. அப்படியே தினமும் ஒரு நூல் நீட்டிக்கொண்டே போனேன். வெற்றி நெருங்குகிற குஷியில் ஒருநாள் இரண்டு முனையையும் மேலே சுழித்துவிட்டேன். என் கையைக் கடித்துவைத்துவிட்டு ஓடிக் கட்டிலுக்கு அடியில் பதுங்கிவிட்டான்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்த மாமா இதைக் கேள்விப்பட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏத்தா, எம்புட்டு நீளம் வரைக்கும் தாங்குனான்?”

நான் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன். “இம்புட்டு.”

மாமா முகம் கழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் போய் வெகுநேரம் நின்றார்.

அடுத்த காதுகுத்து நாளும் வந்தது. கோயில் முன்னால் பந்தல், கொட்டுச் சத்தம், அண்டாவில் கிடாய்க் கறி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சோழவந்தானிலிருந்து தாத்தா தாய்மாமன் சீரோடு வேனில் வர வேண்டும். மாமா மதுரைப் பூ மார்க்கெட்டில் மாலை வாங்கிக்கொண்டு பைக்கில் நேரே வருவதாகப் பேச்சு. வேனைக் காணோம். அத்தை சித்தப்பாவைப் பட்டுவேட்டி மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் மாமாவின் பைக் வந்தது. தலையில் துண்டு, கைப்பிடியில் பெரிய ரோஜா மாலை, தனி ஆள். கிட்டே வந்ததும் பார்த்தால், மாமா முகத்தில் மீசை இல்லை!

எங்கள் பக்கம் அப்பனுக்குக் கொள்ளி வைத்தவன்தான் மீசையை எடுப்பான். அத்தைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

“அடியாத்தீ! சம்பந்தக்காரர் போயிட்டாரே!” என்று மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அம்மா “அய்யா...” என்று மண்ணில் விழுந்தாள். பெண்கள் கூடிக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். கொட்டுக்காரர்கள் எந்த அடி அடிப்பது என்று தெரியாமல் முழித்தார்கள். மாமா “ஏய், இருங்க, சொல்றதக் கேளுங்க” என்று தொண்டை கிழியக் கத்தினார். யார் கேட்டார்கள்? ஒருத்தர் அவர் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்துவிட்டே போனார்.

அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து தாத்தா குதித்து இறங்கினார். டயர் பஞ்சராம்.

“என்னடா இது அழுகை? யாருடா செத்தது?”

நான்தான் சொன்னேன். “நீங்கதான் தாத்தா.”

தாத்தா சுற்றிலும் பார்த்தார். கடைசியில் மகனின் முகத்தைப் பார்த்தார்.

“அப்பன் குத்துக்கல்லாட்டம் நிக்கயில மீசைய மழிச்சுட்டு வந்து நிக்கிறான் பாரு! நீயெல்லாம் ஒரு மகனா?”

“மருமகன் மடியில உக்காரணும்லப்பா. முடிதான, முளைச்சுக்கிரும்” என்றார் மாமா.

தாத்தா காறித் துப்பிவிட்டு, போய்ப் புளியமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஆனாலும் நல்ல நேரம் போய்விடுமே! தம்பிக்கு மொட்டை போட்டார்கள். மாமா மடியை விரித்து உட்கார்ந்தார். அம்மா அவனை அதில் இறக்கிவிட்டாள். அத்தைகூட எட்டிப் பார்த்தாள்.

தம்பி மாமாவை அண்ணாந்து பார்த்தான். வெயில் படாத அந்த மேலுதட்டை விரலால் தொட்டான். பிறகு சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்!

குலவைச் சத்தம் கோயிலைத் தூக்கியது. ஆசாரி கம்பியை ஏற்றியதும் தம்பி அழுதான்தான், ஆனால் அது காது வலிக்கு அழுத சாதாரண அழுகை. அதைக் கேட்டு அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பந்தலைச் சுற்றி ஓடினேன்.

பந்தி போட்டதும் தாத்தாவைக் கூப்பிட என்னை அனுப்பினார்கள். அவர் துண்டை மூக்குக்குக் கீழே இறுக்கச் சுற்றிப் பின்கழுத்தில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பல் வலிக்குதா தாத்தா? கிராம்பு வாங்கியாரவா?”

போ என்று கையை ஆட்டினார். அவர் கண் என் மேல் இல்லை. எனக்குப் பின்னால், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு தம்பி தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தான். வந்தவன் ஒன்றும் யோசிக்காமல் தாத்தா மடியில் ஏறிக்கொண்டான். வலியில் இருக்கிற மனிதரைப் படுத்துகிறானே என்று அவனை இழுக்கப் போனேன். அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிடாய்க் கறி என்றால் உயிரை விடுகிற தாத்தா, அண்டாவைக் கழுவிக் கவிழ்க்கும்வரை அந்தத் துண்டை அவிழ்க்கவும் இல்லை, ஒரு வாய் சாப்பிடவும் இல்லை. பாவம், அவ்வளவு பல் வலி என்று நினைத்துக்கொண்டேன்.