சின்னம்மா மறுத்த ஸ்கேன்

"ஆவணி, முதல் புதன். தங்கச்சிக்கு ஐந்தாம் மாதம். டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். சின்னம்மா கூடாது என்கிறார்." என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான்.

தங்கச்சி என்று எழுதியிருப்பது சின்னம்மாவின் ஒரே மகளை. சின்னம்மா என் அம்மாவின் தங்கை. திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். தைத்து வரும் துணியை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ கண்டால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது அவர் வேலை. மருத்துவத்துக்கு எதிரானவர் அல்லர். இரத்த அழுத்தத்துக்குத் தவறாமல் மாத்திரை போடுவார். மகளுக்கு ஒரு தடுப்பூசியும் விட்டுப்போனதில்லை. அவள் உண்டான பிறகு இரும்புச்சத்து மாத்திரையை நீட்டிக்கொண்டு, அவள் விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பார். ஸ்கேன் ஒன்றைத்தான் மறுத்தார்.

காரணம் எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொன்னவர் இல்லை. கல்யாணமான புதிதில் சித்தப்பா அவரை இரண்டு முறை ஸ்கேனுக்கு அழைத்துப் போனார். இரண்டு முறையும் பெண் என்று தணிந்த குரலில் சொன்னார்கள். இரண்டு முறையும் கலைத்தார்கள். மூன்றாவதாக நாள் தள்ளியதும் சின்னம்மா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் காங்கேயத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டார். சிவன்மலை ஏறி, வயிற்றில் இருப்பதை நீ மட்டும் பார்த்தால் போதும் என்று முருகனிடம் சொல்லிவிட்டு வந்தாராம். பிரசவம் முடிந்து குழந்தைக்குத் தலை நின்ற பிறகுதான் திருப்பூர் திரும்பினார். அந்தக் குழந்தைதான் தங்கச்சி.

டாக்டர் எழுதிக் கொடுத்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சியின் கணவர் என்னையும் கூட்டிக்கொண்டு சின்னம்மாவிடம் பேசப் போனார். மாப்பிள்ளை கட்டிங் மாஸ்டர். எதையும் சிரிப்பாகத் தொடங்குகிறவர்.

"ஏனுங்க அத்தை, போட்டுக் கிழிக்கற பனியனுக்கே நாலு தடவை செக்கிங் பண்றீங்க. உங்க பேரனுக்கு ஒரு தடவை கூடாதுங்களா?"

"பேரன்னு இப்பவே சொல்லிப்போட்டீங்க பாருங்க" என்றார் சின்னம்மா. பிறகு நிதானமாக, "செக்கிங் டேபிளுக்குப் பக்கத்துலயே ரிஜெக்ட் பெட்டியும் இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றார்.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. நான் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம், சொன்னால் டாக்டருக்கே சிறை, சுவரில் போர்டு மாட்டியிருக்கிறார்கள் என்றேன்.

"அந்தப் போர்டு அன்னைக்கும் இருந்துச்சு கண்ணு. அதுக்குக் கீழ உக்கார வெச்சுத்தான் உங்க சித்தப்பனுக்குச் சொன்னாங்க."

எங்களோடு வந்திருந்த தங்கச்சி எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஸ்கேனுக்குப் போகப் போவதில்லை என்றாள்.

அறிவியலை நம்பாத பக்தர்களைப் பற்றி நான் படித்தவற்றில் பெரும்பாலானவை, உலகம் எப்படி உண்டானது, மனிதன் எதிலிருந்து வந்தான் என்கிற சண்டைகள். சின்னம்மாவுக்கு அந்தச் சண்டை எதுவும் கிடையாது. இயந்திரம் பொய் சொல்லும் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அது மிகச் சரியாகச் சொல்லிவிடும் என்பதே அவர் பயம். முருகன் பார்த்தால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பான். மனிதர்கள் பார்த்தால் கை சும்மா இருக்காது என்பதை அவர் தம் உடம்பில் கண்டிருந்தார். அறிவு குற்றமற்றது, அதைப் பயன்படுத்துகிறவனே குற்றவாளி என்று புத்தகங்கள் சொல்கின்றன. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இரண்டு முறை அந்தப் படுக்கையில் கிடந்து, இரண்டு முறை வெறும் வயிற்றோடு வீடு திரும்பியவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகைக் கடைசி வாரம், எட்டாம் மாதத்தில், ஒரு காலையில் தங்கச்சிக்கு வலியே இல்லாமல் இரத்தம் போகத் தொடங்கியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் குழந்தையின் இதயத்துடிப்பு நின்றிருந்தது. தாயைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் வெளியே வந்து கோபமில்லாமல்தான் சொன்னார். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பையின் வாயை மூடியிருந்ததாம்; ஸ்கேன் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்; முன்கூட்டியே நாள் குறித்து ஆபரேஷன் செய்து இரண்டு உயிரையும் காப்பாற்றியிருக்கலாமாம். சின்னம்மா ஒரு சொல் விடாமல் கேட்டார்.

சற்று நேரத்தில் நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். சித்தப்பா முன்னால் வந்தார்.

"என்ன கொழந்தைங்க?"

சின்னம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. நர்ஸிடம்தான் சொன்னார். "சொல்லாதீங்க சாமி. செத்துப் பொறந்ததுக்குமா அது வேணும்?"

நர்ஸ் சொல்லவில்லை.

சின்னம்மா மறுபடி வேலைக்குப் போகிறார். கிருத்திகைக்கு மலை ஏறுகிறார். என்ன வேண்டிக்கொள்கிறார் என்று தெரியாது. மூடநம்பிக்கை ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டது என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சில் சித்தப்பாவும் கலந்துகொள்கிறார். தங்கச்சி மட்டும் ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அம்மா பண்ணுனது தப்புன்னு எல்லாருஞ் சொல்றாங்க. எனக்கு வாய் வரமாட்டேங்குதுங்கண்ணா. அதே தப்புனாலதான நான் பொறந்தேன்."

குழந்தையைப் புதைத்தவர் மாப்பிள்ளை. அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மருத்துவமனையில் விசாரித்தால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நான் விசாரிக்கவில்லை. அது ஆணா பெண்ணா என்பது இதை எழுதும் இன்றுவரை எனக்குத் தெரியாது.