அலை அடிக்காத இடம்

வேனில் வந்தவர்கள் இவர்கள். நான். என் தங்கை. அவள் வீட்டுக்காரர். எங்கள் தம்பி. அப்பாவின் தம்பி, எங்களுக்குச் சித்தப்பா. வேன் டிரைவர். அம்மா தம்பியின் மடியில் இருந்தாள், மண் கலயத்தில், வாயில் வெள்ளைத் துணி கட்டி.

முதல் நாள் தகனம். மறுநாள் காலையில் பால் தெளித்து எலும்பு பொறுக்கினோம். அங்கிருந்து அப்படியே மாமல்லபுரத்துக்குக் கிளம்பிவிட்டோம். சித்திரை வெயில்.

நான் ஐயம்பேட்டைக்கும் பெரிய காஞ்சிபுரத்துக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். கடலை அதற்குமுன் ஒரு தடவைதான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். அப்பாவைக் கரைக்க வந்தபோது.

எங்கள் பக்கம் அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன். அப்பாவுக்கு நான் செய்தேன். அம்மாவுக்குத் தம்பி செய்தான். தலை மழித்திருந்தான். ஒரகடத்தில் கம்பெனி வேலை. முசரவாக்கத்தில் மாமா வீட்டுக் கிணற்றில் நீச்சல் பழகியவன். பம்ப்செட் கொட்டகை மேலிருந்து தலைகீழாகக் குதிப்பான். எங்கள் குடும்பத்தில் நீச்சல் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதனால் எங்களில் யாருக்கும் பயம் இல்லை.

தங்கை வருவதில் மட்டும் பேச்சு வந்தது. சுடுகாட்டுக்கும் கடலுக்கும் பெண்கள் வருவதில்லை.

"பொம்பளைங்க வர்றதில்லமா" என்றார் சித்தப்பா.

"எங்கம்மா. நான் வருவேன்."

"வேன்ல எடம் இல்ல."

"டாப்புல உக்காந்துக்கினு வரேன்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "அவகிட்ட நான் பேசி ஜெயிச்சதே இல்ல. நீங்களாவது பேசிப் பாருங்க" என்றார். அதற்குள் அவள் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

செங்கல்பட்டு தாண்டியதும் தம்பி தூங்கிவிட்டான். இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. வேன் குலுங்கும்போதெல்லாம் அவன் கை மட்டும் கலயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கண் திறக்கவில்லை.

கடற்கரையில் நிற்க இடம் இல்லை. பள்ளிக்கூடம் லீவு. எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பேண்ட் சட்டையோடு ஆண்கள், சுடிதாரோடு பெண்கள், எல்லாரும் தண்ணீருக்குள். ஒருவன் கழுத்தளவு தண்ணீரில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். மாங்காய், பலூன், குதிரை. மணலில் ஒரு சிவப்பு போர்டு. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆழமான பகுதி, குளிக்கக் கூடாது என்று இருந்தது. போர்டு மேலேயே யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

"குளிக்கக் கூடாதாம்" என்றேன்.

"நாம இன்னா குளிக்கவா வந்தோம்?" என்றார் சித்தப்பா.

அது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

கூட்டத்தை விட்டு வடக்கே நடந்தோம். சித்தப்பா முன்னால், தடி ஊன்றி. அவருக்கு முழங்கால் வலி. கடலைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அவருக்கு ஒரு கவலை இருந்தது. அப்பாவைக் கரைத்தபோது அலை சாம்பலைத் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் கால்களில் அப்பியது. மாலையும் திரும்பி வந்தது. எடுத்து வீசினால் மறுபடி வந்தது. சித்தப்பாவுக்கு அது மனதில் தங்கிவிட்டது.

"உங்கப்பன் ஒரு வருசம் என் கனவுல வந்துக்கினே இருந்தான். போவமாட்டேன்னு நின்னான்" என்றார். "அண்ணி அப்படி அலையக் கூடாது. நேரா போவணும்."

படகுகள் ஏற்றி வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் அவர் நின்றார். அங்கே கடல் வேறு மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைத்தது. நடுவில் மட்டும் அலை இல்லை. ஒரு தெரு அகலத்துக்குத் தண்ணீர் வழவழப்பாக, கொஞ்சம் கலங்கலாக இருந்தது. பட்டுப் புடவையை விரித்தால் இரண்டு ஓரமும் ஜரிகை மின்னும், நடுவில் வெறும் பட்டு இருக்கும். அந்த மாதிரி.

சித்தப்பா கலயத்து மாலையிலிருந்து ஒரு சாமந்தியைப் பிய்த்துப் போட்டார். பூ திரும்பி வரவில்லை. உள்ளே போயிற்று. நாங்கள் பார்க்கப் பார்க்கப் போயிற்று.

"பாத்தியா. இதான் எடம்" என்றார். முகத்தில் நிம்மதி.

தம்பிக்கு வேட்டியை மடித்துக் கட்டிவிட்டேன். சித்தப்பா முறை சொன்னார். இடுப்பளவு தண்ணீருக்குப் போக வேண்டும். கடலுக்கு முதுகைக் காட்டிக் கரையைப் பார்த்து நிற்க வேண்டும். கலயத்தைத் தோளுக்கு மேலே தூக்கிப் பின்பக்கம் விட வேண்டும். மூன்று முழுக்கு. பிறகு திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும்.

"நாங்க முன்னால நடக்கறோம். நீ பின்னாலயே வா. ஒருத்தரும் திரும்பக் கூடாது. திரும்பினா அவ மனசு கெடந்து அடிச்சிக்கும். வூட்டுக்கே வந்துடுவா."

தம்பி தலையாட்டினான். இறங்கினான். கலயத்தைப் பின்னால் விடும்வரை பார்த்தேன். துணியும் பூவும் தண்ணீரில் விரிந்தன. அவன் முதல் முழுக்குக்கு மூக்கைப் பிடித்தான். நாங்கள் திரும்பி நடந்தோம்.

மணல் சுட்டது. சித்தப்பா, மாப்பிள்ளை, நான், கடைசியில் தங்கை. பின்னால் கடல் சத்தம். அவ்வளவு சத்தத்தில் ஒரு ஆள் முழுகுவது கேட்காது. காலடிச் சத்தமும் மணலில் கேட்காது. வந்துகொண்டிருக்கிறான் என்றே நினைத்தேன்.

"அண்ணா" என்றாள் தங்கை. "தம்பி எங்க?"

அவள் குரல் வந்த திசையிலேயே தெரிந்தது, திரும்பி நிற்கிறாள் என்று.

"திரும்பாதமா" என்றார் சித்தப்பா, முன்னால் பார்த்தபடியே.

"சித்தப்பா, அவன காணோம்."

நான் திரும்பினேன்.

அவன் நின்ற இடத்தில் யாரும் இல்லை. தூரத்தில் மொட்டைத் தலை தெரிந்தது. அதற்கு அப்பால் வெள்ளைத் துணி, பூக்கள். முன்னால் அம்மாவின் பூ போயிற்று, பின்னால் தம்பி போனான். இரண்டும் ஒரே வேகத்தில் போயின.

அவன் கத்தவில்லை. எங்களைப் பார்த்து நீந்தினான். கிணற்றில் நீந்துவதைப் போலவே வேகமாக, கை மாற்றிக் கை. நல்ல நீச்சல். கை முன்னால் வந்தது, ஆள் பின்னால் போனான். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கடல் அவனை அடிக்கவில்லை. முக்கவும் இல்லை. ஒரு கோபமும் இல்லாமல், சத்தம் இல்லாமல், எடுத்துக்கொண்டு போயிற்று. இந்தப் பக்கம் குழந்தைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. வேர்க்கடலைக்காரர் மணி அடித்தார். எதுவும் நிற்கவில்லை. இவ்வளவு பெரிய ஒன்றின் பக்கத்தில் நான் நின்றதே இல்லை.

மாப்பிள்ளை தண்ணீருக்கு ஓடினார். அவருக்கு நீச்சல் தெரியாது. படகு நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்து மணலில் தள்ளினார்.

"நீ போனா ரெண்டு பொணம். உக்காரு."

ஐம்பது வயது இருக்கும். அந்த ஊர் மீனவர். தண்ணீரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"இதுல ஏன்யா எறங்கினீங்க? இது வெளிய போற தண்ணி."

சித்தப்பா இரண்டு கையாலும் தடியைப் பிடித்துக்கொண்டார்.

மீனவர் படகிலிருந்து கயிற்றில் கட்டிய இரண்டு காலி கேன்களை எடுத்தார். எடுத்துக்கொண்டே பேசினார். "அவன் உங்களப் பாத்துக்கினு நீந்தறான். நீங்க இங்க நின்னா இங்கயேதான் வருவான். வரவே முடியாது, கை ஓஞ்சிடும். எல்லாரும் வடக்கால ஓடுங்க. அந்த நுரை அடிக்குது பாரு, அதுக்கு நேரா போய் நில்லுங்க. கையக் காட்டிக்கினே ஓடுங்க."

ஓடினோம். தங்கை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈர மணலில் ஓடினாள். நான் துண்டை வீசிக்கொண்டே ஓடினேன். "இங்க வாடா, இங்க வாடா" என்று மாப்பிள்ளை கத்தினார். காற்றில் அது அவனுக்குக் கேட்டிருக்காது.

நுரைக்கு நேரே போய் நின்று பார்த்தேன். தம்பி எங்கள் பக்கம் வரவில்லை. பழைய இடத்தைப் பார்த்தே நீந்திக்கொண்டிருந்தான். கை முன்னைப் போல உயரவில்லை. ஏன் அங்கேயே பார்க்கிறான் என்று திரும்பினேன். சித்தப்பா அங்கேயே நின்றிருந்தார். இரண்டு கையும் தடி மேல். அசையவில்லை.

மீனவர் இடுப்பளவு தண்ணீரிலிருந்து கத்தினார்.

"பெரியவரே, நீயும் போ. உன்னப் பாத்துதான் அவன் சாவறான்."

சித்தப்பா தடியைப் போட்டார். ஓடினார். எனக்குத் தெரிந்து அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஒரு காலை இழுத்து, இழுத்து, கையை மேலே தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நடுவில் விழுந்தார். எழுந்து மறுபடி ஓடினார்.

தண்ணீரில் மொட்டைத் தலை நின்றது. எங்கள் பக்கம் திரும்பியது. பிறகு மெல்ல எங்கள் திசையில் நகர ஆரம்பித்தது. கரைக்கு நேராக இல்லை, பக்கவாட்டில். கொஞ்சம் நகரும். நிற்கும். ஒரு அலை மறைக்கும். மறுபடி தெரியும். ஒவ்வொரு தடவை மறையும்போதும் தங்கை என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

மீனவர் அந்த வழவழப்பான தண்ணீரிலேயே இன்னும் உள்ளே இறங்கினார். நீந்தவில்லை. கேன்கள் மேல் நெஞ்சை வைத்துப் படுத்துக்கொண்டார். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த ஆள் மாதிரி போனார். தம்பியை எடுத்துக்கொண்டு போன அதே தண்ணீர் அவரையும் கொண்டுபோய்த் தம்பி பக்கத்தில் விட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பயந்தது மறந்துவிட்டது. அப்படி ஒரு போக்கு அது.

அவர் தம்பியிடம் ஒரு கேனைத் தள்ளினார். இரண்டு பேரும் அவசரம் இல்லாமல் பக்கவாட்டில் காலை உதைத்து வந்தார்கள். வெள்ளையாக அலை உடையும் இடம் வந்ததும் அலை தூக்கியது. போட்டது. மறுபடி தூக்கியது. சித்தப்பா வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த அலைதான் இரண்டு பேரையும் கொண்டுவந்து எங்கள் காலடியில் உருட்டிவிட்டது.

தம்பி முழங்காலில் நின்று வாந்தி எடுத்தான். வெறும் தண்ணீர். வேட்டி போய்விட்டது, டிராயரோடு கிடந்தான். தங்கை அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு முந்தானையால் அவன் தலையைத் துடைத்தாள். துடைக்க அதில் முடி இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லாதான் நீஞ்சினேன்ணா" என்றான் என்னிடம். மூச்சு வாங்கியது. "கெணத்துல நாலு கை போட்டா செவுரு வந்துடும். இதுல வரவே இல்ல."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்திருந்தது.

மீனவர் மணலில் உட்கார்ந்து கேன் கயிற்றைச் சுற்றினார். "மொட்டை போட்டது நல்லதா போச்சு. பளபளன்னு தெரிஞ்சிது. முடி இருந்தா எங்கன்னு தேடறது" என்றார்.

மாப்பிள்ளை சிரித்தார், கண் கலங்கியிருந்தது. தங்கையைக் காட்டி, "நான் ஒண்ணு சொன்னா அவ கேக்கவே மாட்டா. திரும்பாதன்னா திரும்புவா. இன்னிக்குத் திரும்பினாளே பாருங்க" என்றார்.

"உன் பேச்சக் கேட்டிருந்தா நான் வேன்லயே ஏறியிருக்க மாட்டேன்" என்றாள் அவள்.

சித்தப்பா கடைசியாகக் கிட்டே வந்தார். முழங்காலில் ரத்தம், மணல் ஒட்டியிருந்தது. தம்பியின் மொட்டைத் தலையில் கை வைத்தார். மற்றொரு கையைத் தங்கை தலையில் வைத்தார். வெகு நேரம் கைகளை எடுக்கவில்லை. பிறகு மீனவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எங்க அண்ணி?" என்றார்.

"அவங்க போய்ட்டாங்க பெரியவரே. இந்நேரம் கடல்ல இருக்கிற போட்டெல்லாம் தாண்டிப் போயிருப்பாங்க. திரும்பி வரமாட்டாங்க."

சித்தப்பா கடலைப் பார்த்தார். நாங்கள் எல்லாருமே பார்த்தோம். திரும்பக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் வழவழப்பு. அது அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு ஆளை எடுத்ததும் தெரியவில்லை, விட்டதும் தெரியவில்லை. என் ஆயுசில் நான் கும்பிட்ட சாமி எதன் முன்னாலும் எனக்கு இப்படி வாய் அடைத்ததில்லை.

தெற்கே இன்னும் கூட்டம் ஏறியிருந்தது. நான்கு பையன்கள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் நடந்து வந்தார்கள். "மச்சான், இங்க அலையே இல்லடா, சூப்பரா இருக்குது" என்றான் ஒருவன். மீனவர் எழுந்திருக்கவில்லை. கேனை மட்டும் தூக்கிக் காட்டி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அவர்கள் முறைத்தார்கள். தம்பி அவர்களைப் பார்த்து ஏதோ சொல்லப் பார்த்தான், மறுபடி வாந்தி வந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

"தினமும் இப்படிதானா?" என்று கேட்டேன்.

"லீவு விட்டா தினமும்."

"இதுவரிக்கும் எத்தினி பேர இழுத்துக்கினு வந்திருப்பீங்க?"

"உசுரோடயா?"

தலையாட்டினேன்.

விரல் விட்டு எண்ணினார். நடுவில் ஒரு தடவை நிறுத்தி யோசித்தார். கடைசியில் தம்பியைப் பார்த்து இன்னும் ஒரு விரலை மடக்கினார்.

ஒன்பது.