வட்டைக்குள் சொல்லாத பெயர்

எங்கள் வளவு வேப்பமரத்தடியில் ஓர் ஒலிபெருக்கிக் குழாய் கிடக்கிறது. ஒரு பக்கம் சப்பளிந்து, வாய் கிழிந்து, உடம்பெல்லாம் அலவாங்கு என்கிற கடப்பாரை குத்திய ஓட்டைகள். பகலில் எங்கள் செங்கோழி அதற்குள் படுத்து முட்டையிடும். பொழுது சாயத் தொடங்கினால் குழாய் அந்த இடத்தில் இருக்காது, அத்தான் எடுத்துக்கொண்டு போய்விடுவார். கோழி பாவம், கொஞ்ச நேரம் மரத்தைச் சுற்றிக் கத்திவிட்டுக் கூட்டுக்குப் போகும்.

அத்தான் என் அக்காவின் புருஷன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம் அவர்களுக்கு வயல், எங்கள் வளவுக்குக் கூப்பிடு தூரம். அவருடைய வாயைப் போல ஒரு வாயை நான் கண்டதில்லை. தண்ணீர்ப் பம்பி இயங்காவிட்டால் அதன் அம்மாவையும் ஆத்தாளையும் இழுத்துத் திட்டுவார், பம்பியை உதைத்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆனால் கதிர் வந்த வட்டைக்குள், அதாவது அந்த வயல்வெளிக்குள், இறங்கிவிட்டால் அதே வாய் அடங்கிவிடும். அங்கே யாரும் 'யானை' என்று சொல்வதில்லை. பெயரைச் சொன்னால் கூப்பிட்ட மாதிரி என்பது காவலுக்குப் போகிறவர்களின் எண்ணம். 'பெரியவர்' என்றுதான் சொல்வார்கள். "எங்க, ஒருக்காச் சொல்லுங்களன் அத்தான்" என்று நான் சீண்டுவேன். "பேசாம வா புள்ள, அந்தப் பேர இஞ்ச சொல்லப்படா" என்பார், குரலைத் தாழ்த்தி. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

இந்த நிலத்துக்குத்தான் ஒரு கம்பனி செயலி ஒன்றைக் கொண்டுவந்தது. வயற்காரன் கை சேறாக இருக்கும், தொடுதிரை கேட்காது, அதனால் வாயால் சொன்னால் போதும் என்று யோசித்திருந்தார்கள். பொய் சொல்லக்கூடாது, நல்ல யோசனைதான். கைபேசியைப் பார்த்து 'யானை' என்றால் கம்பத்தில் கட்டிய குழாய் வட்டை முழுக்க அலறும். அதை எங்களுக்குப் பழக்கியது ஊர் மண்டபத்தில். மின்விசிறி சுழன்றது, பிளேன்ரீயும் பிஸ்கட்டும் வந்தன. ஒவ்வொருவராக எழும்பி 'யானை' என்றார்கள், சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். எல்லாரிலும் சத்தமாகச் சொன்னவர் அத்தான்தான். மண்டபத்துக்குள் என்ன பயம்? பழக்க வந்த கம்பனிப் பொடியனுக்கு ஒரே சந்தோசம். சைரன் வந்துவிட்டது என்று சொல்லி, விரட்டுவதற்குக் கொடுத்துவந்த யானைவெடியையும் அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள்.

கதிர் முற்றிய ஒரு நாள் பின்னேரம் அக்கா சோற்றுப் பெட்டியோடு வரம்பில் முன்னே போனாள். நான் தேத்தண்ணிப் போத்தலோடு பின்னே. நல்ல வெளிச்சம் இருந்தது. அத்தான் காவலிருந்த குடிசைக்கு, அந்த வாடிக்கு, கொஞ்சத் தூரம் இருக்கையில் பற்றைக்குள்ளிருந்து அது வந்தது, தனியன். சத்தமே இல்லாமல் அவ்வளவு பெரிய உடம்பு எப்படி வந்ததோ தெரியாது. வாடியில் அத்தான் எழும்பி நின்று கைபேசியில் கத்தினார். "பெரியவர்! பெரியவர் வாறார்!" கம்பத்துக் குழாயிலிருந்து ஒரு பெண்குரல் வட்டை முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னது: "மன்னிக்கவும், விளங்கவில்லை. மீண்டும் சொல்லவும்." அத்தான் மீண்டும் கத்தினார். "பெரியவர்! ஐயோ, பெரியவர்!" அந்த மனுசி மறுபடி மன்னிப்புக் கேட்டாள், என்ன மரியாதை! அக்கா பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். வரம்பு வழுக்கி விழுந்தாள். அது தும்பிக்கையால் அவளை இழுத்து வயலுக்குள் அடித்தது, பிறகு காலை வைத்தது. எலும்பு முறிந்த சத்தம் நான் நின்ற இடம்வரை கேட்டது. அப்போதுதான் அத்தான் அந்தப் பெயரைச் சொன்னார். தொண்டை கிழியச் சொன்னார். சைரன் உடனே அலறியது. யானை திரும்பிப் பற்றைக்குள் ஓடியது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்காவிடம் மூச்சு இல்லை. நெஞ்சு இருந்த இடத்தில் சேறும் இரத்தமும். சைரன் மட்டும் நிற்கவில்லை. அதை நிறுத்த 'நிறுத்து' என்று தெளிவாகச் சொல்லவேண்டுமாம். அத்தான் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதழுது சொன்னார். அழுகிறவனின் சொல் அதற்கு விளங்கவில்லை. நான் சொல்ல வாய் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. அத்தான் எழும்பினார். வாடியில் கிடந்த அலவாங்கை எடுத்துக் கம்பத்தைச் சாய்த்தார். விழுந்த குழாயைக் குத்தினார், அது ஊமையான பிறகும் குத்தினார். ஆட்கள் வந்து பிடிக்கும்வரைக்கும் குத்தினார்.

இப்போது நான் மட்டக்களப்பு ரவுனில், வாவியைப் பார்த்த ஒரு குளிரூட்டிய அறையில், செயலிகளைச் சோதித்துப் பிழை சொல்லும் வேலை பார்க்கிறேன். கோபப்படச் சம்பளம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். "இத எங்க வைச்சுப் பாத்தீங்க? பாவிக்கிற ஆள் அழுதா என்ன செய்வான்?" என்று நான் கேட்கும்போது கூட வேலை செய்கிறவர்கள் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். போடட்டும். போன மாதம் அந்தக் கம்பனியிலிருந்து ஒருவன் புதிய பதிப்போடு ஊருக்கு வந்தான். கையால் அடித்தாலே அலறும் பெரிய சிவப்புப் பொத்தான் வைத்திருக்கிறார்களாம். பழையதைப் பாவித்தவர்களின் திருப்தியையும் கேட்டுப் போகவேண்டுமாம். திரையில் அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம்வரை படங்கள் வரிசையாக இருந்தன. அதை அத்தானிடம் நீட்டினான். அத்தான் எழும்பினார். அலவாங்கை எடுத்தார். முதல் அடியில் திரை தெறித்தது, அடுத்த அடி அவனுடைய தோளில். நான் குறுக்கே விழுந்து பிடித்திருக்காவிட்டால் மண்டை பிளந்திருக்கும். உண்மையைச் சொன்னால், பிடிக்க ஒரு கணம் யோசித்தேன்.

"நான் பேரச் சொன்னதாலதான் புள்ள அவ போனா" என்கிறார் அத்தான். "இல்ல அத்தான், நீங்க சொல்ல முந்தியே அது அக்காவ அடிச்சிற்று, நான் பாத்துக்கொண்டுதானே நிண்டன்" என்று எத்தனை தரம் சொல்லியும் ஏறவில்லை. "கூப்பிட்டாத்தான் வருமெண்டா, நான் கூப்பிடுறன். வரட்டுமே" என்கிறார்.

அதனால்தான் பின்னேரங்களில் வேப்பமரத்தடி வெறுமையாக இருக்கிறது. ஒரு கையில் அலவாங்கு, மறு கையில் அந்தக் குழாய். அக்கா விழுந்த வரம்பில் நின்று கிழிந்த வாயைப் பற்றைப் பக்கம் திருப்பி, "யானை! டேய் யானை! வாடா!" என்று கத்துகிறார். அக்கம்பக்கத்துக் காவற்காரர்கள் பயந்து வாடியைப் பிரித்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்கள். வேலையால் வந்து நான் வளவில் நின்று கேட்கிறேன். சப்பளிந்த குழாய்க்குள்ளால் வந்தாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விளங்குகிறது.