அத்தை சலித்த சாம்பல்

பம்பாயில் எல்லாம் கிடைக்கும், நல்ல சாம்பல் மட்டும் கிடைக்காது என்பது என் அத்தையின் தீராத குறை. அப்பாவின் அக்கா அவள். புருஷன் போன பிறகு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து எங்களோடு இருந்தாள். கல்யாணச் சீரில் மிஞ்சியது ஒரு பித்தளைக் குடம். அதைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தால்தான் அவள் கணக்கில் தேய்த்தது. பாத்திர சோப்பைக் கண்டாலே ஆகாது. "இது என்னட்டி, அழுக்கு மூஞ்சில பவுடர் பூசுன மாதிரி" என்பாள்.

அந்தக் குறையைத் தீர்க்கவோ என்னவோ, எங்கள் சந்துக்குப் பின்னாலிருந்த பிளாஸ்டிக் கோடவுன் ஒரு மத்தியானம் பற்றிக்கொண்டது. பக்கத்தில் பெயிண்ட் டப்பா கழுவும் பட்டறை, ரெக்ஸின் பட்டறை எல்லாம் சேர்ந்து எரிந்தன. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் வீடுகளும் தப்பின. ஆனால் சுவர், தலையணை, உப்பு ஜாடி வரைக்கும் கரி. என் தம்பி அப்போது சின்னப் பிள்ளை. அன்றைக்கே அவன் நெஞ்சு பூனை மாதிரி கர்கர் என்று சத்தம் போட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, வீடு சுத்தமாகிற வரை பிள்ளையை அங்கே வைக்காதீர்கள் என்றார்கள். அம்பர்நாத்தில் மாமா வீட்டுக்கு அனுப்பினோம். நல்ல காற்று வாங்க ஃபாக்டரி ஊருக்குப் போன ஒரே ஆள் என் மகன்தான் என்று அப்பா சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

எனக்கோ சண்டை போட ஆளில்லாமல் பொழுதே போகவில்லை. அவன் எப்போது வருவான் என்று எல்லோரையும் நச்சரித்தேன்.

அத்தை மட்டும் அந்த நாட்களில் படு உற்சாகம். எரிந்த இடத்தில் சாம்பல் குவியல் குவியலாகக் கிடந்ததே! வாளியில் அள்ளிவந்து, வாசலில் உட்கார்ந்து மாவுச் சல்லடையில் சலித்தாள். குடத்தைத் தேய்த்தாள். பெயிண்ட் வாளியில் வளர்த்த கறிவேப்பிலைக்கு உரமாகப் போட்டாள். மிச்சத்தை அவரவர் கொண்டுவந்த டப்பாவில் போட்டுச் சந்து முழுக்கக் கொடுத்தாள். எல்லாம் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சனம்தான், சாம்பல் என்றால் சுத்தம் என்று வளர்ந்தவர்கள். வாங்கி வைத்துக்கொண்டு அத்தையை மெச்சினார்கள்.

சுகாதார வேலைக்கு வீடு வீடாக வந்த பெண், தாராவியிலேயே பிறந்தவள், சல்லடையைப் பார்த்ததும் பதறிவிட்டாள். "அரே, என்ன பண்றீங்க அத்தை! இது வெறகுச் சாம்பல் இல்ல. பிளாஸ்டிக்கும் பெயிண்டும் எரிஞ்ச குப்ப, கச்சரா. மூச்சுல போனா விஷம். வெளக்குமாறுகூட எடுக்காதீங்க, ஈரத்துணியால தொடைங்க."

"நேத்துப் பொறந்த புள்ள எனக்குச் சாம்பலப் பத்திச் சொல்லுதா?" அத்தை சல்லடையைக் கீழே வைக்கவில்லை.

வீடு பளிச்சென்று ஆகிவிட்டது என்று மாமாவுக்குச் சொல்லி அனுப்பியவளும் அவள்தான். அதை நம்பி ஞாயிற்றுக்கிழமை மாமா தம்பியைக் கூட்டிவந்தார். அவன் ஓடிவந்து நேரே அத்தை மடியில் விழுந்தான், சல்லடைக்குப் பக்கத்தில். சோறு பரிமாறுவதற்குள் அவனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அப்பா தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அத்தை வாசலிலேயே நின்றாள். மூச்சு சீராகி அவன் மறுபடி அம்பர்நாத் போனான் என்று தெரிகிற வரை அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். வீடு வீடாகப் போய், கொடுத்த சாம்பலைத் திருப்பிக் கேட்டாள். எனக்கு மானம் போயிற்று. எங்கள் சந்தில் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர்கள்கூடச் செய்யாத காரியம் அது.

"என்னக்கா, கொடத்துக்குப் பத்தலியா?" என்று எதிர்வீட்டுக்காரி கிண்டலடித்தாள்.

"இந்தப் பம்பாய்ச் சாம்பல் சரியில்லட்டி. கொண்டா" என்றாள் அத்தை.

தப்பு என்னுடையது என்று மட்டும் அவள் வாயில் வரவில்லை. ஆனால் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் கிடையாதே. டப்பாக்களைக் கழுவி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பாத்திர சோப்பை வெட்டிப் போட்டுக் கொடுத்தாள். சாம்பலை நனைத்து மூட்டை கட்டி முனிசிபாலிட்டி வண்டியில் ஏற்றினாள். கறிவேப்பிலையை மண்ணோடு பிடுங்கி மூட்டையில் போடும்போது மூக்கைச் சிந்தினாள்.

அப்புறம் சந்தில் ஒருவர் விளக்குமாற்றைத் தொட முடியுமா? விடிந்ததும் "ஈரத்துணி எங்கட்டி?" என்று அவள் குரல் கேட்கும். சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காத அப்பா, ஸ்டூல் மேல் ஏறிச் சுவர் துடைத்தார். கன்னங்கரேலென்று இருந்த வாளித் தண்ணீர் மெல்ல மெல்ல வெளுத்தது. மாட்டுங்காவிலிருந்து புதுக் கறிவேப்பிலைக் கன்று வந்தது. ஒருவழியாகத் தம்பியும் வந்தான். குடம் மட்டும் சோப்புத் தண்ணீரில் மங்கிப்போயிற்று, அத்தை கண்டுகொள்ளவில்லை.

வந்த நாள் முதல், காலையில் அவன் எழுந்ததும் அத்தை அவன் சட்டையைத் தூக்கி, முதுகில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். வெகுநேரம் அப்படியே இருப்பாள். கொஞ்சட்டும், அதற்காக இவ்வளவா? எனக்கு வயிறெரிந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் நானும் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். வைத்த வேகத்தில் முகத்தை எடுத்துவிட்டாள்.

"நீ நல்லாருக்க. போ, போயிப் பல்லத் தேயி."

அவனுக்கு அவ்வளவு நேரம், எனக்கு இவ்வளவுதானா என்று அன்று முழுக்க அத்தையோடு பேசவில்லை. அவள் எங்கள் முதுகில் வைத்தது காது என்று அப்போது எனக்குத் தெரியாது.