வலது கை, இடது காது

கட்டைகள்

பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியவை இரண்டு கட்டைகள். கக்கத்தில் இடுக்கி நடக்கிற கட்டைகள். கண்டக்டர் அவற்றை என் பக்கம் நீட்டினார், நானும் வாங்கிக்கொண்டேன். ஒரு கையில் தோவாளையிலிருந்து வரவழைத்த மாலை, மறு கையில் கட்டைகள். அப்படியே நின்று பஸ்ஸுக்குள் எட்டி எட்டிப் பார்த்தேன். எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து பெரிய பேச்சாளர் ஒருவர் வருகிறார், போய் அழைத்து வாருங்கள் என்று மட்டும்தான் ஹெட்மாஸ்டர் என்னிடம் சொல்லியிருந்தார். வருகிறவர் பெண் என்பதால் பெண் டீச்சரான என்னை அனுப்பினார். வேறு விவரம் ஒன்றும் சொல்லவில்லை.

படியில் ஓர் அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது வயது இருக்கும். நான் அவரைத் தாண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கட்டையத் தந்தா நான் இறங்கிருவேன்" என்றார் அவர்.

அவர்தான் கோமதியம்மாள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வேலை. ஊர் ஊராகப் போய், கை கால் வராத பிள்ளைகளையும் கண் தெரியாத பிள்ளைகளையும் படிக்க வைப்பது பற்றிப் பேசுகிறவர். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. கட்டையைக் கொடுத்தேன், மாலையைப் போட்டேன். மாலை கட்டையில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கப் போய் அவருடைய தோளைப் பிடித்தேன். பிடிக்கலாமா, கூடாதா என்று தெரியாமல் உடனே விட்டேன். வில்வண்டியில் ஏறும்போதும் இதே கதைதான். அவர் வண்டியின் பின்விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் கையால் தூக்கி உள்ளே போட்டு, ஒரு நொடியில் ஏறிவிட்டார். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சும்மா நின்றேன்.

வண்டியில் போகும்போது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். சொன்னேன். தன்னைப் போல யாரும் உண்டுமா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. என் மனதில் அப்படித்தான் இருந்தது. இந்த இடம்தான் இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

மேடை

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகியிருந்த காலம். பூதப்பாண்டிப் பக்கம், நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஊரில் எங்கள் பள்ளிக்கூடம். நான் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர். வேலைக்கு வந்து மூன்று வருடம்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான். அதனால் ஹெட்மாஸ்டர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவேன். புரிந்தாலும் ஆட்டுவேன், புரியாவிட்டாலும் ஆட்டுவேன்.

டெஸ்குகளைச் சேர்த்துப்போட்டு மேடை கட்டியிருந்தோம். நெஞ்சு உயரம். ஏறுவதற்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தது. கோமதியம்மாள் அந்த ஸ்டூலைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். ஹெட்மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து அம்மாவை நாற்காலியோடு தூக்கி மேலே வைக்கலாம் என்றார்.

"நான் என்ன சப்பரமா ஸார்? கீழ நின்னே பேசுகேன்" என்றார் அந்த அம்மாள்.

கீழே நின்று பேசினால் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. தெரியவில்லை என்று அவர்கள் எழுந்தார்கள், முன்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். கடைசியில் ஹெட்மாஸ்டர் மட்டும் மேடையில் தனியாக உட்கார்ந்திருக்க, பேச்சாளர் கீழே நின்று பேசினார். யாரைப் பார்த்துக் கைதட்டுவது என்றே கூட்டத்துக்குக் குழப்பம்.

ஆனால் பேச்சு நல்ல பேச்சு. தன்னைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம் என்றார். சின்ன வயதில் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று படிகள் இருந்ததாம். தவழ்ந்து ஏறினால் பாவாடை அழுக்காகிறது என்று ஒரு வாத்தியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். இன்னொரு வாத்தியார் வந்து படிமேல் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டாராம். "எனக்கக் கால் அண்ணைக்கும் இப்பிடித்தான், இண்ணைக்கும் இப்பிடித்தான். மாறினது படிதான்" என்றார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். ஹெட்மாஸ்டரும் மூக்கை உறிஞ்சினார்.

அழுதேனே தவிர, நானே பள்ளியில் சேர்க்காமல் திருப்பி அனுப்பிய வடிவு என்ற பிள்ளையின் நினைவு எனக்கு வரவில்லை. கூட்டத்தின் கடைசியில், பூவரசு மரத்தடியில், அவள் அப்பாவோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று ஜூன் மாதங்கள்

அந்தக் காலத்தில் பிறந்த தேதிக்குக் காகிதம் எத்தனை வீட்டில் இருந்தது? பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்தால் ஒரு சோதனைதான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்குக் கை எட்டாது. தொட்டால் அட்மிஷன் ரிஜிஸ்டரில் பெயர் ஏறும். தொடாவிட்டால் 'வயது போதாது' என்று ஒரு தாளில் குறித்து, அடுத்த வருடம் வரச் சொல்வோம். ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் என்பதால் அது என் வேலை.

தாணு என்பவர் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, வயல் பயிரிடுகிற ஒரு விவசாயி. நான் வேலைக்கு வந்த முதல் ஜூனில் மகள் வடிவைக் கொண்டுவந்தார். கைக்குழந்தையில் வந்த காய்ச்சலில் அவளுக்கு வலது கை சூம்பியிருந்தது. தோளுக்கு மேலே எழும்பாது. தாணுவே அதைப் பிடித்துத் தூக்கித் தலையில் வைத்தார். நெற்றியோடு நின்றுவிட்டது. நான் ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன். "எட்டலைன்னா எட்டலைதான். அடுத்த வருசம் வரட்டும்" என்றார். நான் தலையாட்டினேன், 'வயது போதாது' என்று எழுதினேன்.

அடுத்த ஜூனில் வந்தார்கள். கை உச்சந்தலை வரை வந்தது. "பாத்தியளா டீச்சரே, நாலு விரல்கட கூடியிருக்கு" என்றார் தாணு. எனக்கு எதுவோ உறுத்தியது. என்ன என்று யோசிக்கவில்லை. வரிசையில் ஆட்கள் நின்றார்கள், மழை வேறு. மூன்றாவது ஜூனில் அந்தப் பிள்ளை வரிசையில் நின்ற எல்லோரையும் விட ஒரு சாண் உயரம். முன்பல் விழுந்து முளைத்துவிட்டது. கை அதே உச்சந்தலை. 'வயது போதாது.' என் கையெழுத்துதான், மூன்று தடவையும்.

கை சூம்பியது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரிந்தது. ஆனால் என் கணக்கில் வடிவு கை வராத பிள்ளை இல்லை, வயது வராத பிள்ளை. தாளில் அப்படித்தானே எழுதியிருந்தேன்? எழுதி எழுதி எனக்கே அது உண்மையாகிப்போனது. இதைச் சொன்னால் சிரிப்பாக இருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாணு கேட்ட கேள்வி

விழா முடிந்தது. ஹெட்மாஸ்டர் நன்றியுரையில், நாம் எல்லோரும் இந்த அம்மாளைப் போலத் தன்னம்பிக்கையோடு வாழ வேண்டும் என்றார். நல்ல கைதட்டல். கோமதியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். தாணு மகளோடு வந்து தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, ஒரு சங்கதி கேக்கணும். நீங்க எந்த எண்ணெய் தேச்சிய?"

கோமதியம்மாளுக்குப் புரியவில்லை. தாணு விளக்கினார். இந்தப் பிள்ளைக்குக் கை காதைத் தொட்டால்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். மூன்று வருடமாகத் தினமும் விடியக்காலம் எண்ணெய் தேய்த்து, கையைப் பிடித்துத் தலைக்கு மேலே இழுத்துப் பழக்குகிறார். பிள்ளை அழும். இருந்தாலும் இழுப்பார். இனி ஒரு சாண்தான் பாக்கி. நல்ல எண்ணெய் எது என்று தெரிந்தால் வருகிற ஜூனுக்குள் தொட்டுவிடலாம்.

கோமதியம்மாள் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எதற்கு இந்தச் சோதனை என்று கேட்டார். வயது தெரிய என்றேன். எந்தக் கை என்றார். வலது கை என்றேன்.

"ஏன் வலது?"

எனக்குத் தெரியவில்லை. ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். என்னைச் சேர்த்த வாத்தியாரும் வலது கையைத்தான் போடச் சொன்னார். அவரைச் சேர்த்தவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஏன் வலது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மக்கா, உனக்க இடது கையப் போட்டு வலது காதத் தொடு பாப்போம்" என்றார் கோமதியம்மாள்.

வடிவு இடது கையைத் தலைக்கு மேலே போட்டாள். காதைத் தொட்டாள். தொட்டதோடு நிற்கவில்லை, காதைத் தாண்டிக் கன்னம் வரைக்கும் விரல் வந்தது. "இது நான் பண்டே தொடுவேனே" என்றாள்.

தாணு சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. என்னிடம்தான் திரும்பினார்.

"அப்பம், மூணு வருசமா நான் இந்தப் பிள்ளைக்கக் கையப் பிடிச்சு இழுத்து நோவிச்சதெல்லாம் வெறுதேயா டீச்சரே?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கூடிப்போன வயது

விஷயம் அதோடு தீரவில்லை. ஹெட்மாஸ்டர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். வருகிற ஜூனில் பிள்ளைக்கு எட்டு வயது. ஒண்ணாங்கிளாஸுக்கு ஏழுக்கு மேல் எடுக்கக் கூடாது. "வயசு கூடிப்போச்சே, என்ன செய்ய?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. சற்று முன்னால் அழுத அதே மனிதர்தான். மூன்று வருடம் வயது போதாது என்று திருப்பி அனுப்பிய பிள்ளையை, இப்போது வயது கூடிவிட்டது என்று திருப்பி அனுப்ப வேண்டும். நடுவில் சரியான வயது என்று ஒன்று வந்து போயிருக்க வேண்டுமே, அது எந்த நாளில் வந்து போனது?

கோமதியம்மாளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வண்டியில் ஏறும்போது இந்தத் தடவை நான் கையை நீட்டவில்லை. கட்டையை மட்டும் வாங்கி, அவர் உட்கார்ந்ததும் திருப்பிக் கொடுத்தேன். நீங்கள்தான் இன்ஸ்பெக்டருக்கு எழுத வேண்டும் அம்மா, நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றேன்.

"நான் பேசிட்டுப் போறவ டீச்சர். தாளுல எழுதினது நீங்க" என்றார். அதில் கடுமை இருந்ததா, வருத்தம் இருந்ததா, எனக்குத் தெரியவில்லை.

நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்தாவது நாள் ஒரு விளக்கம் எழுதினேன். 'மேற்படி மாணவிக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வயது நிரம்பியிருந்தும், நான் சோதித்த முறையில் உள்ள பிழையால் சேர்க்கப்படவில்லை. பிழை என்னுடையது.' கையெழுத்துப் போட்டு, மூன்று வருடத் தாள்களையும் இணைத்து ஹெட்மாஸ்டர் மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "உம்ம வேலைக்கு நீரே உலை வைக்கிறீரே, பிள்ளே" என்றார். தலையாட்டினேன். புரிந்து ஆட்டினேன்.

இன்ஸ்பெக்டர் ஆபீஸிலிருந்து இரண்டு காகிதம் வந்தது. ஒன்று, வடிவை ஒண்ணாங்கிளாஸில் சேர்த்துக்கொள்ள அனுமதி. மற்றது எனக்கு மெமோ. என் வேலை நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போனது. வீட்டில் நல்ல பேச்சு வாங்கினேன்.

குச்சி

ஜூனில் பள்ளி திறந்தது. தாணு வந்து மகளை விட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் நேரே வயலுக்குப் போனார். வடிவு கடைசி வரிசையில், மற்றப் பிள்ளைகளுக்கு மேலே தலை தெரிய உட்கார்ந்திருந்தாள். நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன். எல்லாரும் சிலேட்ட மடியில வச்சு, வலது கையில குச்சிய எடுங்க.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த 'வலது' என் காதில் விழுந்தது.

"எனக்குமா டீச்சரே?" என்று கேட்டாள் வடிவு.

மெமோ வாங்கியும், நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தும், என் வாய் திருந்தவில்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். பேச்சைக் கேட்டு அழுவது சுலபம். தினமும் நம் வாயிலிருந்து வருகிற வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்பதுதான் கஷ்டம். அதன்பிறகு எந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் முன்பும், எதற்காக என்று என்னையே கேட்டேன். பதில் தெரியாத நாட்களில் சேர்த்துக்கொண்டேன்.

அன்று வகுப்பு முழுவதையும் பார்த்துத் திருத்திச் சொன்னேன். "எந்தக் கையில எழுத வருமோ, அந்தக் கையில எடுங்க."

வடிவு இடது கையில் குச்சியை எடுத்தாள். முன்வரிசையில் இருந்த வேறு இரண்டு பிள்ளைகளும் குச்சியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார்கள்.