ஆறு மாதம் முந்திப் போட்ட பனியன்

எங்கள் ஊரில் காசு கொடுத்துப் பனியன் வாங்குகிறவர்களைக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்ப்போம். ஏற்றுமதியில் கழித்தது எங்காவது கிடைத்துவிடும். அப்பாவுக்கு அருள்புரத்தில் டி-ஷர்ட் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சின்ன பனியன் கம்பெனி இருந்தது. அதனால் வெளிநாட்டு வாசகங்களை அர்த்தம் தெரியாமலே முதுகில் சுமந்து வளர்ந்தவள் நான்.

பதினொரு வயதில் எனக்கு ஒரு பெரிய துக்கம். எங்கள் வீட்டில் கறுப்பு நிற வீடியோ கேம் பெட்டி. மாமா வீட்டில் போட்டிக் கம்பெனியின் வெள்ளைப் பெட்டி. எல்லோரும் பேசிய டிராகன் கேம் வெள்ளைப் பெட்டிக்கு மட்டும் வந்தது. "உங்களுதுக்கு அது வரவே வராது" என்று மாமா பையன் தினமும் வெறுப்பேற்றுவான்.

அந்த ஜூனில் எங்கள் கம்பெனியில் தைத்த பீஸ்களில் குறை பார்க்கும் செக்கிங் மேசையிலேயே அதே டிராகனைப் பார்த்தேன். பனியனின் முதுகில் கறுப்புப் பெட்டியின் சின்னமும், டிசம்பரில் வருகிறது என்ற வரியும் இருந்தன. கழித்த பீஸைக் குறுக்கே வெட்டித்தான் வேஸ்டில் போட வேண்டும் என்பது ஆர்டர் கொடுத்த பையரின் கட்டளை. வெட்டுவதற்குள் ஒன்றை உருவிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு மாமா வீட்டில் முதுகைக் காட்டி நின்றேன். மாமா பையனின் முகம் தொங்கிப்போனது. வெள்ளைப் பெட்டிக்காக வீட்டில் அடம்பிடித்துக்கொண்டிருந்த அவன் நண்பர்கள் இரண்டு பேர், "அப்பறம் எதுக்குடா வாங்கறது? டிசம்பர் வரைக்கும் பொறுத்துக்கலாம்" என்றார்கள். ஒருவன் படம் பிடித்து இணையத்தில் போட்டான்.

செவ்வாய்க்கிழமை பையரின் ஆபீஸிலிருந்து போன் வந்தது. கறுப்புப் பெட்டிக்கும் வரப்போவது தெரிந்தால் வெள்ளைப் பெட்டிக்கு யாரும் வாங்காமல் காத்திருப்பார்களாம். அதனால் அது ரகசியமாம். அவர்கள் அனுப்பிய படத்தை அப்பா நெடுநேரம் பார்த்தார். முதுகும் இரட்டைச் சடையும்தான் தெரிந்தன, முகம் இல்லை. எனக்கு அது ஒன்றுதான் தைரியம். ஆனாலும் பனியனை வேஸ்ட் மூட்டையின் அடியில் ஒளித்துவைத்தேன்.

மறுநாள் இரண்டு பேர் வந்து பீஸ்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஒன்று குறைந்தது. செக்கிங்கில் இருந்த தூத்துக்குடி அக்காவைக் கூப்பிட்டார்கள்.

"எம்புள்ள மேல சத்தியமா நான் எடுக்கல சார்" என்று அவர் அழுதார்.

நான் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. போலீஸ் வரும், ஜீப்பில் ஏற்றுவார்கள் என்று பயந்து இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டேன்.

"அவங்க இல்லீங்க" என்றார் அப்பா. "நாந்தானுங்க ஊட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்."

வந்தவர்கள் டீ குடிக்காமல், அடுத்த ஆர்டருக்குக் கொண்டுவந்திருந்த தாள்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அக்காவுக்காக அப்பா பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் பல நாட்கள் வாசலில் வண்டி நின்றாலே கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வேன்.

டிசம்பரில் கேம் வெளிவந்த அன்றே அப்பா வாங்கி வந்தார். கூடவே அந்தப் பனியன், துவைத்துத் தேய்த்து மடித்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"இனிப் போட்டுக்க கண்ணு. இனி ஒண்ணுமில்ல" என்றார்.

அடி விழவில்லை என்ற நிம்மதியில் பனியனை மாட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிப்போய்க் கம்பெனி ஆபீஸ் டிவியில் நாள் முழுக்க விளையாடினேன். வேலை நாள்தான். டிராகனின் மூச்சுக்கூட அவ்வளவு தெளிவாகக் கேட்டது. மெஷின்கள் ஏன் ஓடவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.